எந்த ரூமின் டெம்பரேச்சர்?

நேற்று மாலை பெஞ்சைத் துடைக்கும்போது உங்கள் மூவரில் ஒருவருடைய நோட்டு திறந்து கிடந்தது. படித்திருக்கக் கூடாது. படித்தேன். "ஈஸ்ட் செல்களை முக்கால் மணி நேரம் ரூம் டெம்பரேச்சரில் வைத்தேன்" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. யாருடைய நோட்டு என்று சொல்லப்போவதில்லை. பச்சை அட்டை போட்டது.

வெள்ளிக்கிழமையோடு நான் இந்த லேபை விட்டுப் போகிறேன். போகிறவர்கள் புதிதாக வந்தவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது இங்கே வழக்கம். மேடம் கேக் வாங்குவார். எல்லோரும் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்று கேட்பார்கள். குளிரில் யார் காதிலும் எதுவும் ஏறாது. ஐந்து வருடத்தில் எட்டுப் பேருடைய நாலு வார்த்தையைக் கேட்டிருக்கிறேன். கேக் மட்டும்தான் நினைவிருக்கிறது. அதனால் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். ஒரே ஒரு விஷயம். அதுவும் என் தவறு.

முதலில் என்னைப் பற்றி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். இதை அடக்கத்தோடு சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அது வரவில்லை. அம்மாவும் அப்பாவும் தேவர்சோலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். சிறு வயதில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். அந்தத் தோட்டப் பேச்சில் "பேர்" என்றால் ஒரு நாள் வேலை. சொன்ன எடைக்குக் கொழுந்து எடுத்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். நான் இந்த லேபில் சேர்ந்த பிறகும் அம்மா ஃபோனில் கேட்பது அதைத்தான்.

"பேர் போட்டாங்களா?"

"முழுப் பேரும்மா."

ஐந்து வருடத்தில் ஒருநாள் தவிர எல்லா நாளும் இதே பதில்தான் சொன்னேன்.

அப்பா லயத்தில், எங்கள் தோட்டத்து வீட்டு வரிசையில், எல்லோரிடமும் நான் பேக்கரிப் படிப்பு படிப்பதாகச் சொல்லியிருந்தார். பேக்கரி ஈஸ்ட்தான், ஆனால் ரொட்டிக்காக இல்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விளக்கினேன். ஈஸ்ட் ஒற்றைச் செல் உயிர். அதைச் சுற்றி உப்புத் தண்ணீர் வந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேறிச் சுருங்கிவிடும். அதனால் செல்லின் ஓரத்தில் ஒரு புரதம் காவல் நிற்கிறது. உப்பு வந்ததும் அது அடுத்த புரதத்தைத் தட்டி எழுப்பும். அது அதற்கடுத்ததை எழுப்பும். தோட்டத்தில் துரை கணக்கப்பிள்ளைக்குச் சொல்லி, கணக்கப்பிள்ளை கங்காணிக்குச் சொல்லி, கங்காணி லயத்துக்கு வந்து ஆளை எழுப்புகிற மாதிரி. கடைசியில் ஒரு மரபணு வேலைக்கு இறங்கும். அது இறங்கினால் அதன் செய்தி, அதாவது ஆர்.என்.ஏ., நிறைய உண்டாகும். அதை எண்ணிப் பார்த்தால் துரையின் உத்தரவு லயம் வரைக்கும் வந்து சேர்ந்ததா என்று தெரியும். அதுதான் என் வேலை.

அப்பா முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப பன்னு கிடையாதா?" என்றார்.

இப்போது தவறு. ஒரு முறை ஊட்டிக்குத் திரும்பும்போது பஸ் நடுவட்டம் பக்கத்தில் நின்றுபோனது. ஒன்றரை மணி நேரம். ஓரத்துப் புதரில் தவிட்டுப்பழம் பழுத்திருந்தது. பாதியைத் தின்றேன். மீதியை டிபன் பாக்ஸில் போட்டு லேபுக்குக் கொண்டுவந்தேன். அந்தப் பழத்தின் தோலிலிருந்து ஒரு ஈஸ்ட் கிடைத்தது. பேக்கரி ஈஸ்ட்டின் இனம்தான், ஆனால் காட்டில் வளர்ந்தது. மேடம் அதற்கு "நடுவட்டம்" என்றே பெயர் வைத்தார். நாங்கள் வழக்கமாக வளர்ப்பதை வீட்டு ஈஸ்ட் என்றோம்.

வீட்டு ஈஸ்ட்டை நான் ஏற்கெனவே அளந்து வைத்திருந்தேன். மே மாதம், ஊர் முழுக்க சுற்றுலாக்காரர்கள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த சமயம். உப்பு இல்லாதபோது மரபணு தூங்குகிறது, உப்புப் போட்டால் எழுகிறது. புத்தகத்தில் இருக்கிற மாதிரியே. மிச்ச மாதிரியை ஃப்ரீசரில் பத்திரமாக வைத்தேன். இந்தப் பழைய பங்களாவில் வெள்ளைக்காரர்கள் கணப்பு எரித்த இடத்தில்தான் நம் ஃப்ரீசர் நிற்கிறது. யாருக்கும் அதில் எதுவும் தோன்றியதில்லை.

நடுவட்டத்தை ஜனவரியில் அளந்தேன். உப்புப் போட்டதில் மரபணு எழுந்திருந்தது. உப்புப் போடாததிலும் எழுந்திருந்தது. அதே அளவுக்கு இல்லை, ஆனால் தூங்கவில்லை. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அதேதான் வந்தது. ஒரே தவறை மூன்று முறை ஒரே மாதிரி செய்தால் விடை மிகத் துல்லியமாக வரும். இதை எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்க மாட்டார்கள்.

மேடம் வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்குக் கோயம்புத்தூர். சந்தோஷம் வந்தால் ஊர்ப் பேச்சு கூடிவிடும்.

"ஏங்கண்ணு, உப்பே வரலீங்கறப்பவே இது முழிச்சுட்டு உக்காந்திருக்குதே. எதுக்கு?"

"எப்பவும் தயாரா இருக்கும் போல மேடம். காட்டுல வளந்தது."

"காட்டுல எங்க உப்பு?"

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. கேள்வி கேட்டால் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்கள், தெரியாது என்றால் எங்கிருந்து வந்தவள் என்று பார்ப்பார்கள் என்று, எதற்கும் பதில் வைத்திருக்கச் சிறு வயதிலேயே பழகியிருந்தேன். அது எனக்கு நன்றாக வந்தது. "வறட்சிக்கும் அதே பாதைதான் மேடம்" என்றேன். மேடம் தலையாட்டினார். காவல்காரன் தூங்காத ஈஸ்ட். நீலகிரியில் கிடைத்தது. கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது. முழுப் பேர்.

அந்த மாதமே என் ஃபெலோஷிப்புக்கான மீளாய்வு வந்தது. இன்னும் ஒரு வருடம் நீட்டித்தால்தான் ஆய்வேட்டை முடிக்க முடியும். நீட்டிக்காவிட்டால் முடிக்காமல் வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டில் போய் எதை முடிக்கவில்லை என்று விளக்குவதுகூடக் கஷ்டம். மூன்று நிபுணர்கள் ஆன்லைனில் வந்தார்கள். இருவர் முகம் காட்டினார்கள். மூன்றாமவர் குரல் மட்டும். நானும் மேடமும் இந்த மேஜைக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கேமராவுக்குத் தெரிகிற இடத்தில் நான் சேலை கட்டியிருந்தேன். தெரியாத இடத்தில் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, மடியில் நம் லேப் உதவியாளர் போஜண்ணன் கொடுத்த வெந்நீர்ப் பை. மேடம் கம்பளிக் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

நன்றாகப் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன், அதை இன்றைக்கும் சொல்வேன். கடைசியில் அந்தக் குரல் கேட்டது.

"உப்பு சேர்த்தப்போ செல்கள் எந்த வெப்பநிலையில இருந்தது?"

"ரூம் டெம்பரேச்சர் சார்."

"அதாவது?"

"இருபத்தஞ்சு சார்."

"நல்லது."

அவ்வளவுதான். யோசிக்கவே இல்லை. புத்தகத்தில் ரூம் டெம்பரேச்சர் என்றால் இருபத்தைந்து என்று போட்டிருக்கும். எங்கள் ஸ்கூலில் அப்படித்தான் எழுதினேன், முழு மதிப்பெண் வாங்கினேன். ஒரு வருடம் நீட்டிக்கப் பரிந்துரை செய்கிறோம், பதினைந்து நாளில் கடிதம் வரும் என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள்.

மேடம் குல்லாவைத் திரும்ப மாட்டிக்கொண்டார். போஜண்ணன் கொல்லைப்புறத்து அடுப்பிலிருந்து டீ கொண்டுவந்தார். அங்கிருந்து இங்கே நடக்க எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு நிமிடம். நான் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தேன்.

"ஆறிப்போச்சாம்மா?" என்றார் போஜண்ணன். "நான் என்ன பண்ணுவேன்? கொதிக்கக் கொதிக்கத்தான் ஊத்தினேன். இந்த ரூமுக்குள்ள கால வெச்சா எல்லாம் ஆறிப்போகுது. போன வாரம் கட்லட்டும் இப்படித்தான்."

"இந்த ரூமா?" என்றேன்.

"வேற எந்த ரூம்?"

நான் டம்ளரைப் பார்த்தேன். பெஞ்சைப் பார்த்தேன். முப்பது டிகிரியில் வளர்ந்த ஈஸ்ட்டை வெளியே எடுத்து, உப்புப் போட்டும் போடாமலும், முக்கால் மணி நேரம் அந்தப் பெஞ்சில்தான் வைத்திருந்தேன். வளர்க்கும் பெட்டி பகிர்ந்துகொள்வது, இடமில்லை. செய்முறைத் தாளில் "ரூம் டெம்பரேச்சரில் வைக்கவும்" என்று இருந்தது. அந்தத் தாள் கீழே, சமவெளியில், யாரோ எழுதியது. அவர்கள் ரூமைப் பார்த்து எழுதியிருப்பார்கள்.

மறுநாள் காலை தெர்மாமீட்டரைத் தேடினேன். போஜண்ணன் அலமாரியின் பின்னாலிருந்து தூசி தட்டி எடுத்துத் தந்தார். ஒரு குழாயில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, தெர்மாமீட்டரை அதில் நிறுத்தி, பெஞ்சில் முக்கால் மணி நேரம் வைத்தேன். பதின்மூன்று.

குளிரும் அதே காவல்காரனைத் தட்டும். அது எனக்குத் தெரியும். எம்.எஸ்சி.யில் படித்திருக்கிறேன், ஒரு வரியில். குளிர்ந்தால் செல்லின் தோல் விறைக்கும், விறைத்தால் உப்புக்கு எழுகிற அதே புரதம் எழும், அதே கங்காணி லயத்துக்கு வருவார். நான் வந்த ஆட்களை எண்ணினேன். கங்காணி எதற்கு வந்தார் என்று பார்க்கவில்லை. ஜனவரி முழுக்க அந்த ஈஸ்ட் "குளிருது, குளிருது" என்று சொல்லியிருக்கிறது. நான் பக்கத்திலேயே இரண்டு ஜோடிக் காலுறையோடு உட்கார்ந்து "உப்பு" என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆனால் இது இன்னும் சந்தேகம்தான். உறுதி செய்ய ஒரே வழி இருந்தது. மே மாத வெயிலில் அளந்த வீட்டு ஈஸ்ட்டை இப்போது, இதே பெஞ்சில், உப்பில்லாமல் வைத்துப் பார்க்க வேண்டும். அது தூங்கினால் என் கண்டுபிடிப்பு பிழைக்கும். அதுவும் எழுந்தால் போயிற்று. ஒரு நாள் வேலை. அதைத் தொடங்க எனக்கு நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளில் ஃப்ரீசரின் பனியைச் சுரண்டினேன். எல்லாப் பாட்டிலுக்கும் புது லேபிள் ஒட்டினேன். இந்த லேபில் இன்றைக்கு எல்லா லேபிளும் நேராக இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஐந்தாம் நாள் செய்தேன். வீட்டு ஈஸ்ட் எழுந்தது. நடுவட்டத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே எழுந்தது.

அந்த நாலு நாளைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். தப்பு நடந்ததில் எனக்குப் பெரிய வெட்கம் இல்லை. அளக்காமல் இருந்துவிட்டேன், அளந்திருக்க வேண்டும், முடிந்தது. சந்தேகம் வந்த பிறகு சும்மா இருந்த நாலு நாள்தான் வெட்கம். யாருக்கும் தெரியாது. மேடத்துக்குத் தெரியாது. அந்தக் குரலுக்குத் தெரியாது, "நல்லது" என்று சொல்லிவிட்டார். கடிதம் வரட்டும், பிறகு மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம் என்று தோன்றியது. தோன்றியது என்று சொல்வதுகூடக் குறைவு. மிக நியாயமாக இருந்தது. நீட்டித்த வருடத்தில் இதையே சரியாகச் செய்யலாமே என்றுகூட மனதுக்குள் ஒரு திட்டம் போட்டேன். நல்ல திட்டம். அதில் பொய் எங்கே இருக்கிறது என்று தேடினால்தான் கிடைக்கும்.

மேடத்தின் அறைக்குப் போனேன். வரைபடத்தை மேஜையில் வைத்தேன்.

"வீட்டு ஈஸ்ட்டும் முழிச்சுட்டுதான் இருக்குது மேடம். உப்பு இல்லாமயே. பெஞ்சு பதிமூணு டிகிரி."

அவர் வரைபடத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் திட்டுக்குத் தயாராக நின்றேன்.

"அன்னைக்கு அவுரு கேட்டாரே, எத்தனை டிகிரின்னு."

"இருபத்தஞ்சுன்னு சொன்னேன் மேடம். அளக்கல."

"நான் பக்கத்துலதான உக்காந்திருந்தேன்." வரைபடத்தைத் தள்ளி வைத்தார். "குல்லாவ மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தேன். குல்லாவக் கழட்டுனதுமே காது ரெண்டும் போயிருச்சு. இருபத்தஞ்சுன்னு நீ சொன்னப்ப தலையாட்டுனேன்."

அது எனக்கு ஆறுதலாக இல்லை. அவருக்கும் இல்லை.

"கடிதம் வந்தப்பறம் சொல்லலாமா, வர்றதுக்கு முன்னாடி சொல்லலாமா?" என்றார். "நான் சொல்ல மாட்டேன். ஃபெலோஷிப் உன்னுது."

"நீங்க என்ன நினைக்கிறீங்க மேடம்?"

"அதத்தான் சொல்ல மாட்டேங்கறேன்."

அப்போது எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. வழிகாட்டி என்று பெயர், வழி கேட்டால் காட்ட மாட்டேன் என்கிறார். இப்போது யோசித்தால், அவர் முன்னாடி சொல் என்றிருந்தால் அது அவருடைய நேர்மை ஆகியிருக்கும். நான் கையெழுத்து மட்டும் போட்டிருப்பேன்.

பெஞ்சுக்கு வந்து அந்தக் குரலுக்குரியவருக்கு மின்னஞ்சல் எழுதினேன். முதலில் இரண்டு பக்கம் வந்தது. மலையின் உயரம், கட்டடத்தின் வயது, வளர்ப்புப் பெட்டியில் இடமின்மை, செய்முறைத் தாளை எழுதியவர்கள், எல்லோரும் அதில் வந்தார்கள். நான் மட்டும் வரவில்லை. அழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

"அன்று நீங்கள் கேட்டதற்கு இருபத்தைந்து டிகிரி என்றேன். நான் அளக்கவில்லை. இப்போது அளந்தேன், பதின்மூன்று. எங்கள் வழக்கமான ஈஸ்ட்டும் அந்தக் குளிரில் அதே மாதிரி நடந்துகொள்கிறது. எனவே நான் சொன்ன கண்டுபிடிப்பு நிற்காது. கடிதம் அனுப்பும் முன் உங்களுக்கு இது தெரிய வேண்டும்."

அனுப்பிவிட்டு ஜன்னலைச் சாத்தினேன். அது ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது.

பதினைந்து நாள் என்றார்கள், இருபத்தாறு நாள் ஆனது. கடிதத்தில் இரண்டே விஷயம் இருந்தது. குளிரும் அதே பாதையை எழுப்பும் என்பது தெரிந்ததுதான், ஆகவே இதில் புதுமை இல்லை. ஒரு வருடத்துக்குப் பதிலாக ஆறு மாதம் தரப்படுகிறது, அதற்குள் எல்லா அளவையும் வெப்பநிலை குறித்து மறுபடி எடுக்கவும். இது போக, அவரே தனியாக ஒரு வரி அனுப்பியிருந்தார். அவருடைய லேபில் மே மாதம் ரூம் முப்பத்தாறு என்றும், அங்கேயும் நோட்டில் ரூம் டெம்பரேச்சர் என்றே எழுதுகிறார்கள் என்றும், போய்ப் பார்க்கப்போவதாகவும்.

ஆறு மாதத்தில் செய்தேன். குழாய்களை முப்பது டிகிரித் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, இரண்டு ஈஸ்ட்டையும் ஒரே நாளில், ஒரே கையால். நடுவட்டம் மிகச் சாதாரணமான ஈஸ்ட். உப்பு இல்லையென்றால் தூங்கும். ஆய்வேட்டில் அது ஏழு பக்கம், இருப்பதிலேயே சின்ன அத்தியாயம். நேரம் போதாததால் உறக்கத்தைக் குறைத்தேன், முடித்தேன். முனைவர் என்று இப்போது போட்டுக்கொள்ளலாம். போட்டுக்கொள்கிறேன்.

பெஞ்சின் ஓரத்தில் நூல் கட்டித் தொங்குகிற தெர்மாமீட்டர் அதுதான். நான் போகிற லேப் கீழே, வெயில் ஊர். அதைக் கையோடு எடுத்துப்போகலாமா என்று கேட்டேன். "லேப் சொத்தும்மா" என்றார் போஜண்ணன். எனவே அது உங்களுக்கு. பச்சை அட்டைக்காரர் இன்றைக்கே அந்த வரியை அடித்துவிட்டு, அப்போது எத்தனை டிகிரி என்று தெரியாது என்று பக்கத்தில் எழுத வேண்டும். தெரியாது என்று எழுதினால் யாரும் எங்கிருந்து வந்தீர்கள் என்று பார்க்க மாட்டார்கள். பார்த்தாலும் பார்க்கட்டும்.

அந்தக் கடிதம் வந்த சாயங்காலம் அம்மா கூப்பிட்டார். பின்னால் லயத்தில் டிவி ஓடும் சத்தம் கேட்டது.

"பேர் போட்டாங்களா?"

"அரைப் பேரும்மா."

அம்மா டிவியைக் குறைக்கச் சொல்லி யாரையோ அதட்டினார். நான் எப்படி விளக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஈஸ்ட், காவல்காரன், பெஞ்சு, இருபத்தைந்து.

"ஏன், அங்க மழையா?"

"இல்லம்மா. குளிரு."

"அப்பச் சரி," என்றார் அம்மா. "குளிருல அவ்ளோதான் எடுக்க முடியும். ஆனா நெறுத்தது சரியா நெறுத்தாங்களா?"

"சரியாத்தாம்மா நெறுத்தாங்க. நானே பாத்தேன்."